மாசி, பங்குனி 2026: ஊர்க் காலண்டரைச் சிங்கப்பூர் நேரத்துக்கு எப்படிப் பார்ப்பது?

சிராங்கூன்வாசி | பிப்ரவரி 4, புதன்

வணக்கம். 13ஆம் தேதி மாசி பிறக்கிறது. சிவராத்திரி, மாசி மகம், காரடையான் நோன்பு, பங்குனி உத்திரம் என்று வரிசை கட்டி வருகின்றன. நடுவில் சந்திர கிரகணம் வேறு. வீட்டில் சென்னையிலிருந்து வந்த தினசரி கிழிக்கும் காலண்டர் ஒன்று, இங்கே தேக்காச் சந்தையில் வாங்கியது ஒன்று, கைப்பேசிச் செயலி ஒன்று. மூன்றும் மூன்று பேச்சுப் பேசுகின்றன.

திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 என்று ஒன்று, 8.40 முதல் 10.10 என்று இன்னொன்று. எல்லா நேரத்துக்கும் இரண்டரை மணி கூட்டினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது சரியா? மார்ச் 3 கிரகணம் இங்கே தெரியுமா, அன்றைக்குச் சாப்பாடு, கோயில் எல்லாம் எப்படி? காரடையான் நோன்புச் சரடு எத்தனை மணிக்குக் கட்ட வேண்டும்? கடக ராசிக்கு அட்டமச் சனி (ராசிக்கு எட்டாம் இடத்தில் சனி) போன மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்கிறது செயலி. ஊரிலோ வரும் மார்ச் 6தான் சனிப்பெயர்ச்சி என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

நாழிகைவட்டில்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதிச் சரிதான் ஆளைக் கவிழ்க்கும்.

பஞ்சாங்கத்தில் இருப்பவை இரண்டு வகை நேரங்கள். ஒன்று வானத்து நேரம்: திதி, நட்சத்திரம், யோகம், கரணம், மாதப் பிறப்பு, கிரகப் பெயர்ச்சி. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது. அந்தக் கணம் மயிலாப்பூருக்கும் சிராங்கூனுக்கும் ஒன்றேதான், கடிகாரம் மட்டும்தான் வேறு. இந்த வகைக்கு 2.30 மணி கூட்டுங்கள், முடிந்தது வேலை.

இன்னொன்று தரை நேரம்: ராகு காலம், எமகண்டம், குளிகை, ஓரை, கௌரி நல்ல நேரம், பிரதோஷ வேளை, சிவராத்திரியின் யாமங்கள். இவை நம் தலைக்கு மேலே சூரியன் எப்போது உதித்து எப்போது மறைகிறது என்பதை வைத்துப் பிரிப்பவை. இவற்றுக்கு இரண்டரை மணி கூட்டவே கூடாது. இங்கத்திய உதயத்திலிருந்து புதிதாகப் பிரிக்க வேண்டும்.

மார்ச் நடுவில் சிங்கப்பூரில் உதயம் ஏறக்குறைய 7.11, அஸ்தமனம் 7.18. பகல் 727 நிமிடம். எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 91 நிமிடம். திங்களுக்கு இரண்டாம் பங்கு ராகு காலம், ஆகவே காலை 8.42 முதல் 10.13. சனிக்கு மூன்றாம் பங்கு, 10.13 முதல் 11.44. வெள்ளி 11.44 முதல் 1.14. புதன் 1.14 முதல் 2.45. வியாழன் 2.45 முதல் 4.16. செவ்வாய் 4.16 முதல் 5.47. ஞாயிறு 5.47 முதல் அஸ்தமனம் வரை. வரிசை மறந்தால் பழைய சொற்றொடர் இருக்கிறதே, ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை.

நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் பகல் நீளம் ஆண்டு முழுக்க 12 மணி 3 முதல் 12 நிமிடத்துக்குள்தான். எனவே பங்கின் நீளம் மாறாது. உதயம்தான் முன்னே பின்னே நகரும்: நவம்பரில் 6.46 வரை இறங்கும், பிப்ரவரியில் 7.17 வரை ஏறும். ‘ஆறு மணி உதயம்’ என்று வைத்து அச்சிட்ட 7.30–9 அட்டவணை இங்கே எந்த மாதத்துக்கும் பொருந்தாது. சிங்கப்பூர் இருப்பது ஏறக்குறைய 104 பாகை கிழக்கில், நாம் வைத்திருக்கும் கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. அதனால் சூரியன் நமக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத் தெரிகிறது.

காலண்டர் யாருக்காகப் போட்டது என்று பார்க்க ஒரு சோதனை. பிப்ரவரி 17ஆம் தேதித் தாளைப் புரட்டுங்கள். அமாவாசை முடிவு மாலை 5.30ஐ ஒட்டி இருந்தால் அது இந்திய நேரம். இரவு 8 மணியை ஒட்டி இருந்தால் சிங்கப்பூருக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் அதே தாளில் ராகு காலத்தையும் பாருங்கள். திதியை மாற்றிவிட்டு ராகு காலத்தை அப்படியே விட்டுவைத்த காலண்டர்கள் உண்டு.

நாழிகைக் கணக்கில் போட்ட பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாழிகை (நா.) என்பது 24 நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி (வி.), உதயத்திலிருந்து எண்ணுவது. பிப்ரவரி 17இல் ‘அமாவாசை நா. 27, வி. 30’ என்று போட்டிருந்தால் அது 660 நிமிடம், அதாவது 11 மணி. சென்னை உதயம் 6.30, கூட்டினால் மாலை 5.30. அதற்கு மேல் 2.30 சேர்த்தால் நமக்கு இரவு 8.00. பலர் அந்தப் 11 மணியை நம்மூர் உதயம் 7.16இல் சேர்த்து மாலை 6.16 என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் பிசகு.

சிவராத்திரிக்கு இரண்டு வகையும் சேர்ந்து வேலை செய்யும். சதுர்த்தசி (அமாவாசைக்கு முந்திய திதி) 15ஆம் தேதி ஞாயிறு இரவு 7.34க்குத் தொடங்கி மறுநாள் இரவு 8.04 வரை (வானத்து நேரம், இரண்டரை கூட்டியது). நம்மூர் நடுநிசியில் சதுர்த்தசி இருப்பது ஞாயிறு இரவில்தான். அன்று அஸ்தமனம் 7.20, மறுநாள் உதயம் 7.16. நான்காகப் பிரித்தால் முதல் காலம் 7.20–10.19, இரண்டாம் காலம் 10.19–1.18, மூன்றாம் காலம் 1.18–4.17, நான்காம் காலம் 4.17–7.16. நடுநிசி வேளை 12.54 முதல் 1.42 வரை, ஊரில்போல் 12 மணிக்கு அல்ல. வீட்டில் செய்பவர்கள் லிங்கோத்பவத்தை (நடுநிசிப் பூசையை) 12 மணிக்கே முடித்துவிட்டுப் படுப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. கோயிலில் அந்தக் கோயிலின் அறிவிப்பே கணக்கு. இரண்டாம் காலம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு எம்ஆர்டி இருக்காது, டாக்சிதான். நல்ல வேளையாக மறுநாள் திங்கள் சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள்; பல அலுவலகங்களில் அரை நாள் வேலைதான்.

அந்திவானம்

கிரகணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த முறை ஊர்க் காலண்டர் நமக்கு எந்த உதவியும் செய்யாது.

மார்ச் 3 செவ்வாய், முழுச் சந்திர கிரகணம். சிங்கப்பூர் நேரப்படி நிழல் தொடுவது மாலை 5.50. முழுதாக மறைவது 7.04. உச்சம் 7.34. முழு மறைப்பு விலகுவது 8.03. நிழல் முற்றிலும் விடுவது 9.17. இதில் 5.50 முதல் சந்திரன் உதிக்கும் வரை நடப்பது நமக்குத் தெரியாது, சந்திரன் அப்போது கிழக்கே அடிவானத்துக்குக் கீழே. 7.15ஐ ஒட்டி உதிக்கும்போதே முழுதாக மறைக்கப்பட்டு உதிக்கும். இதைத்தான் கிரஸ்தோதயம் என்பார்கள். சென்னையில் சந்திரன் உதிக்கும்போது முழு மறைப்பு முடிந்திருக்கும்; கடைசிப் பகுதி மட்டும் கொஞ்ச நேரம், அங்கத்திய 6.47 வரை. ஆகவே ஊர்க் காலண்டரில் ‘கிரகணம் சிறிது நேரமே’ என்று இருந்தால் அது அவர்களுக்கு. நமக்கு உதயம் முதல் 9.17 வரை இரண்டு மணி நேரம்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மறைந்த சந்திரன் மங்கலான செம்பு நிறத்தில் இருக்கும், வானத்திலோ அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும். 7.40க்கு முன்னால் கண்ணுக்குச் சிக்குவது கஷ்டம். 8.03க்குக்கூடச் சந்திரன் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரம்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். எதிர் புளோக் மறைத்துவிடும். நேர் கிழக்கு பார்த்த உயரமான மாடி நடைபாதையோ திறந்த கடற்கரையோ வேண்டும்.

அனுஷ்டானம்: கண்ணுக்குத் தெரியும் நேரமே புண்ணியகாலம். தர்ப்பணம், ஜபம் செய்பவர்கள் 7.15க்குப் பிறகு தொடங்கி 9.17க்குள் முடிக்க வேண்டும், பிறகு விமோசன ஸ்நானம் (கிரகணம் விட்டபின் குளியல்). 5.50க்கே குளித்துவிட்டு உட்கார வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குச் சந்திர கிரகணத்தில் மூன்று யாமம், அதாவது 9 மணி நேரம் முன்பே நிறுத்துவது நூல் வழி. 5.50இலிருந்து பின்னால் எண்ணினால் காலை 8.50. கிரகணத்தோடு உதிக்கும் நாளில் பகல் முழுக்கச் சாப்பிடாத வீடுகளும் உண்டு. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அதே நூல்களே விலக்குத் தருகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் வேளை தவறிப் பட்டினி கிடப்பதை எந்தச் சாஸ்திரமும் கேட்கவில்லை. தயிர், மாவு, ஊறுகாய் மேல் தர்ப்பை போடுபவர்கள் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கிரகணம் பிடிப்பது சிம்ம ராசியில், பூர நட்சத்திரத்தில். பூரத்துக்கும், அதே வரிசையில் வரும் பரணி, பூராடத்துக்கும் சாந்தி சொல்வது வழக்கம். முன்னும் பின்னும் உள்ள மகம், உத்திரத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. நெற்றியில் பட்டம் கட்டிக்கொள்வது, கிரகணம் விட்டதும் அரிசி, உளுந்து தானம், இவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்கும் ‘கிரகண தோஷ பரிகாரம்’ தேவையில்லை என்பது என் கருத்து.

மாசி மகத்துக்கும் இதே நாள் மோதுகிறது. மகம் நமக்கு மார்ச் 2 காலை 10.20ஐ ஒட்டித் தொடங்கி 3ஆம் தேதி காலை 10 மணி வரை. பகலில் அதிக நேரம் இருப்பது 2ஆம் தேதி, உதயத்தில் இருப்பது 3ஆம் தேதி. அதனால்தான் காலண்டர்கள் இரண்டாகப் பிரிகின்றன. 3ஆம் தேதி மாலை கிரகணத்துக்காக நடை சாத்தும் நேரமும் கோயிலுக்குக் கோயில் மாறும். போவதற்கு முன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

சிராங்கூன்வாசி

அந்திவானம், நாழிகைவட்டில் இருவருக்கும் நன்றி. சென்னைக் காலண்டரில் அமாவாசை 5.30தான். தேக்கா காலண்டரில் 8.00, ஆனால் ராகு காலம் 7.30–9! சொன்னபடியே இருக்கிறது. சனி விஷயமும், 1982க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும்போது நேரம் மாறும் என்கிறார்களே, அதுவும் யாராவது சொல்லுங்கள்.

கோள்நோக்கி

முதலில் சின்னதை முடித்துவிடுகிறேன். சிங்கப்பூர்க் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல்தான் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால் போகிறது. அதற்கு முன், போருக்குப் பிந்திய ஆண்டுகள் முழுக்க, ஏழரை மணி. அதாவது இந்தியாவோடு வித்தியாசம் இரண்டரை அல்ல, இரண்டு மணி. 1970இல் பிறந்தவருக்கு மென்பொருளில் ‘8’ என்று போட்டால் அரை மணி தவறும். அரை மணிக்கு லக்னம் ஏறக்குறைய 7 பாகை நகரும். ராசியின் ஓரத்தில் லக்னம் இருந்தால் லக்னமே மாறிப்போகும், நவாம்சம் இரண்டு கட்டம் தள்ளும். நல்ல மென்பொருள் ஊரையும் தேதியையும் கொடுத்தால் தானே 7.30 எடுத்துக்கொள்ளும். எடுத்ததா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறந்த சான்றிதழில் இருப்பது அன்றைய கடிகார நேரம், அதைத் திருத்தக் கூடாது.

சனி. இரண்டு கணிதம் இருக்கிறது என்பதுதான் விடை. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை வைத்துப் போடுவது. அதன்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்கு 2025 மார்ச் 29இல் போய்விட்டது. வாக்கியம் என்பது பழைய வாய்பாடுகளைக் கொண்டு போடுவது. அதன்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே விழா இந்த மார்ச்சில். திதியில் இரண்டுக்கும் சில மணி நேர வித்தியாசம்தான் வரும். சனி மெதுவாக நகர்கிற கிரகம், ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு. அதனால் பாகைக் கணக்கில் வரும் பிசகு காலக் கணக்கில் ஓராண்டாக விரிகிறது.

எதை எடுப்பது? ஜாதகம் எந்தக் கணிதத்தில் எழுதியதோ, கோசாரத்தையும் (இப்போதைய கிரக ஓட்டத்தையும்) அதிலேயே பாருங்கள். பிறந்த ஜாதகத்தைத் திருக்கணிதத்தில் போட்டுவிட்டுப் பெயர்ச்சியை மட்டும் வாக்கியத்தில் பார்ப்பது, ஒரு கையில் மீட்டரும் இன்னொரு கையில் முழமும் வைத்துத் துணி அளப்பது மாதிரி. கோயிலில் எள் தீபம் போட, அர்ச்சனை செய்ய மார்ச் 6க்குப் போவது தனி விஷயம், அது வழிபாடு.

மீனச் சனிக்குக் கணக்கு: ஏழரைச் சனி கும்பத்துக்கு (கடைசிக் கூறு), மீனத்துக்கு (ஜன்மம்), மேஷத்துக்கு (விரயம்). அட்டமம் சிம்மத்துக்கு. அர்த்தாட்டமம் (நான்காம் இடத்தில் சனி) தனுசுக்கு. மகரம் விடுபட்டது. கடகத்துக்கு அட்டமச் சனி திருக்கணிதப்படி போன ஆண்டே விட்டது, வாக்கியப்படி மார்ச் 6இல் விடும்.

ஆனால் கடக ராசிக்காரர்கள் இந்த மாதம் ‘முடிந்ததே’ என்று நினைத்தும் ஏன் இழுபறி என்று கேட்டால், அதற்குச் சனி காரணம் இல்லை. கும்பத்தைப் பாருங்கள். பிப்ரவரி 13 முதல் சூரியன் அங்கே. புதன் ஏற்கெனவே அங்கே. சுக்கிரன் மார்ச் 1 வரை. 23ஆம் தேதி செவ்வாயும் சேர்கிறது. ராகு நிரந்தரக் குடித்தனம். 23 முதல் மார்ச் 1 வரை ஐந்து பேர் ஒரே வீட்டில். அது கடகத்துக்கு எட்டாம் இடம். போதாததற்குப் புதன் பிப்ரவரி 26 முதல் மார்ச் 20 வரை வக்கிரம் (பின்னோக்கி நகர்வது). கையெழுத்து, பத்திரம், வீட்டு மறுவிற்பனைத் தாள்கள் எல்லாவற்றையும் இரண்டாவது முறை படித்துவிட்டுப் போடச் சொல்லும் காலம். கடகத்துக்குச் சந்திராஷ்டமம் (சந்திரன் எட்டாம் இடத்தில் இருப்பது) பிப்ரவரி 17 முற்பகலிலிருந்து 19 மாலை வரை, மறுபடி மார்ச் 16 இரவிலிருந்து 18 இரவு வரை.

இதில் பயப்பட அவ்வளவு இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. குரு மிதுனத்தில் இருந்து ஒன்பதாம் பார்வையாகக் கும்பத்தைப் பார்க்கிறார். மார்ச் 11இல் வக்கிரமும் நிவர்த்தி ஆகிறார். கும்ப ராசிக்கு நெரிசலும் அங்கேயே, மருந்தும் அங்கேயே, ஐந்தாம் இடத்துக் குரு. சிம்மத்துக்கு மூன்று சுமை: அட்டமச் சனி, ராசியில் கேது, அதே ராசியில் கிரகணம். ஆனால் பதினொன்றில் குரு. பணம் நிற்காமல் வரும், உடம்பைப் பார்த்துக்கொண்டால் போதும். மீனத்துக்கு ஐந்து பேரும் பன்னிரண்டில், செலவு மாதம். மார்ச் 2 முதல் சுக்கிரன் மீனத்தில் உச்சம், மூச்சு விடலாம். மேஷத்துக்கு அதே கூட்டம் பதினொன்றில் வருவதால் விரயச் சனி இருந்தும் வரவு தெரியும்.

இவ்வளவும் பொதுப்பலன். தசாபுத்தி (அவரவர் ஜாதகப்படி நடக்கும் கிரகக் காலம்) வலுவாக இருந்தால் கோசாரம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். பன்னிரண்டு ராசிக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டு வரும் காணொளிகளைப் பார்த்து வேலையை விட்டுவிடாதீர்கள்.

அடைமாவு

காரடையான் நோன்புக்கு நான் வருகிறேன், சிராங்கூன்வாசி அக்கா. (அண்ணனா? பெயரைப் பார்த்துத் தெரியவில்லை, மன்னிக்கவும்.)

மாசியும் பங்குனியும் கூடும் வேளையில், மாசி கைவிட்டுப் போவதற்குள் சரடு கட்ட வேண்டும். ‘மாசிக் கயிறு பாசி படியும்’ என்பது அதற்குத்தான். மீன சங்கிரமணம் (சூரியன் மீனத்தில் நுழைவது, பங்குனிப் பிறப்பு) திருக்கணிதப்படி இந்தியாவில் மார்ச் 15 அதிகாலை 1 மணியை ஒட்டி, நமக்கு 3.30ஐ ஒட்டி. ஆக நோன்பு 14ஆம் தேதி சனிக்கிழமை இரவு. காலண்டரில் ‘பங்குனி 1, ஞாயிறு’ என்று பார்த்துவிட்டு ஞாயிறு காலை அடை தட்டினால் மாசி போய் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். இதுதான் இந்த ஆண்டு நடக்கப்போகும் பெரிய தவறு. மூன்று மணிக்கு எழுந்து கட்டுபவர்கள் உண்டு, சனி மாலை விளக்கேற்றியதும் கட்டிவிடும் வீடுகளும் உண்டு. இரண்டும் மாசிக்குள்தான்.

அடை. வறுத்த பச்சரிசி மாவு 1 கப், பொடித்த வெல்லம் 1 கப்புக்குக் கொஞ்சம் குறைய, தண்ணீர் 2 கப், காராமணி 2 மேசைக்கரண்டி, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் 3 மேசைக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி. பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் 20 நிமிடம் பரப்பி, ஈரம் கையில் ஒட்டாத பதத்தில் அரைத்துச் சலித்து வறுக்க வேண்டும். விரலால் எடுத்துக் கோலம் இழுத்தால் இழை அறாமல் விழ வேண்டும், அதுதான் பதம். வறுவல் குறைந்தால் அடை பல்லில் ஒட்டும். கடையில் வாங்குவதானால் இந்திய இடியாப்ப மாவு வாங்கி மறுபடி ஒருமுறை வறுங்கள். தாய்லாந்து அரிசி மாவு வேண்டாம். அது நீரில் அரைத்துப் படியவைத்த மாவு, எவ்வளவு வறுத்தாலும் கோந்துபோல் ஆகும்.

காராமணியை வெறும் சட்டியில் சிவக்க வறுத்துத் தனியாக வேகவையுங்கள். வெல்லத் தண்ணீரில் போட்டு வேகவைக்கலாம் என்று நினைத்தால் வேகவே வேகாது, இனிப்பில் பயறு விறைத்துக்கொள்ளும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதி வந்தபின் காராமணி, தேங்காய், ஏலம் சேர்த்து, தீயைக் குறைத்து, மாவைத் தூவிக் கட்டி விழாமல் கிளறுங்கள். உருண்டு சட்டியை விட்டு வரும்போது இறக்கி, ஆறியதும் வாழையிலையில் நெய் தொட்டு அடையாகத் தட்டி, நடுவில் விரலால் ஒரு ஓட்டை. ஆவியில் 10 முதல் 12 நிமிடம். ஓட்டை அழகுக்கு இல்லை, நடு வேகாமல் மாவாக நிற்பதைத் தடுக்க. உப்பு அடைக்கு வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, தண்ணீரைக் கால் கப் குறைத்துக்கொள்ளுங்கள்.

‘உருகாத வெண்ணெயும் ஓரடையும் நோற்றேன்’ என்று சொல்லித்தான் வைக்கிறோம். சிங்கப்பூர் வெயிலில் வெண்ணெய் ஐந்து நிமிடத்தில் கரைந்து சூடான அடைமேல் வழிந்துவிடும். நைவேத்தியம் சொல்லும் நிமிடம் வரை குளிர்பெட்டியில் வையுங்கள், அடையை ஆறவிட்டுப் பக்கத்தில் தனி இலைத்துண்டில் வையுங்கள். சரடு, மஞ்சள், வாழையிலை எல்லாம் பஃபலோ ரோட்டில் கிடைக்கும். சனி மாலைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் வெள்ளியே வாங்குங்கள்.

ஒற்றைக்கேள்வி

எல்லாம் சரி. இவ்வளவு கணக்குப் போடுவதற்கு, ஊரில் என்ன தேதி போட்டார்களோ அதையே வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்? வானம் ஒன்றுதானே என்று நீங்களே சொல்கிறீர்கள்.

நாழிகைவட்டில்

குடி முழுகாது. பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதி என்பது வானத்து நேரமும் தரை நேரமும் சந்திக்கும் இடம். திதி வானத்தில், ‘அது உதயத்தில் இருக்கிறதா, பிற்பகலில் இருக்கிறதா’ என்ற கேள்வி தரையில். அதனால் சில சமயம் தேதியே மாறும். இந்த மார்ச்சில் அடுத்தடுத்து இரண்டு உதாரணம் வருகின்றன.

யுகாதி, அதாவது தெலுங்குப் புத்தாண்டு. பிரதமை (அமாவாசைக்கு அடுத்த திதி) நமக்கு மார்ச் 19 காலை 9.22க்குத் தொடங்கி 20 காலை 7.22க்கு முடிகிறது. இந்தியாவில் அது 6.52 முதல் மறுநாள் விடியுமுன் 4.52 வரை. சென்னையில் இரண்டு உதயத்திலும் பிரதமை இல்லை, ஆகவே தொடங்கிய 19ஆம் தேதியே யுகாதி. இங்கே 20ஆம் தேதி உதயம் 7.10ஐ ஒட்டி, பன்னிரண்டு நிமிடம் பிரதமை மிச்சம் இருக்கிறது. உதயத் திதி விதியை எழுத்துப்படி எடுத்தால் சிங்கப்பூருக்கு யுகாதி 20 என்று வரும். ஊரைச் சிங்கப்பூர் என்று வைத்த செயலியில் 20 காட்டினால் அது பழுது இல்லை. தெலுங்குக் குடும்பங்கள் பெரும்பாலும் ஊர்த் தேதியையும் கோயில் அறிவிப்பையுமே பார்ப்பார்கள், யுகாதிப் பச்சடியை 19இல் கரைத்தாலும் ஒன்றும் குறையாது.

அமாவாசையில்தான் உண்மையான சிக்கல். பிப்ரவரி 17 அமாவாசை சுலபம், பகல் முழுக்க இருக்கிறது. அன்று சீனப் புத்தாண்டு, விடுமுறை வேறு. ஈரச்சந்தையில் பல கடைகள் மூடியிருக்கும், வாழைக்காயும் இலையும் 15ஆம் தேதியே வாங்குங்கள், எள்ளும் தர்ப்பையும் இருக்கிறதா என்று பாருங்கள். மார்ச் அமாவாசை 18 புதன் காலை 10.55க்குத்தான் தொடங்குகிறது. தர்ப்பணத்துக்குரிய பிற்பகல் பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாம் பங்கு, இங்கே 2.26 முதல் 4.52. வழக்கம்போல் காலை ஏழரைக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு அலுவலகம் ஓடுபவர்கள் அன்று சதுர்த்தசியில் அமாவாசைத் தர்ப்பணம் செய்தவர்கள் ஆவார்கள். ஊரில் 8.25க்கே தொடங்கிவிடுவதால் அங்கே காலை ஒன்பதுக்குச் செய்தாலும் திதி இருக்கும். நமக்கு இல்லை. அரை நாள் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் 10.55க்குப் பிறகு எந்த இடைவேளை கிடைத்தாலும் அதில் செய்யுங்கள்.

அந்திவானம்

ஒரு திருத்தம். நாழிகைவட்டில் போட்ட ராகு காலப் பட்டியல் மார்ச் நடுவுக்கு. பங்குனி உத்திரம் ஏப்ரல் 1 புதன். அதற்குள் உதயம் 7.05க்கு வந்துவிடும், ஆகவே அன்றைய ராகு காலம் 1.10 முதல் 2.41 வரை. உத்திர நட்சத்திரம் அன்று மாலை 6.45ஐ ஒட்டி முடிகிறது, பௌர்ணமி காலை 9.36க்குத் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்திருப்பது 9.36 முதல் 6.45 வரை. ஈசூன் மரத்தடி பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடி, பால்குடம் எடுப்பவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, அனுமதிச் சீட்டில் எந்த நேரம் போட்டிருக்கிறதோ அதற்குப் போய் நின்றால் போதும்.

சிராங்கூன்வாசி

அடைமாவு, அண்ணன்தான், பரவாயில்லை. அடை தட்டப்போவது நான் இல்லை, குளிர்பெட்டி யோசனை உரியவரிடம் சேர்ந்துவிட்டது. ஒற்றைக்கேள்விக்கும் நன்றி, அந்தக் கேள்வியால்தான் 18ஆம் தேதி விஷயம் வெளியே வந்தது. காலை எட்டு மணி என்றுதான் குறித்து வைத்திருந்தேன். அடித்துவிட்டு 2.30 என்று எழுதிவிட்டேன்.